நோய்க்குப் பெயர் வரும் முன்: தன்னெதிர்ப்பு நோய் ஐயமும் பெற்றோரும்



ஒரு குழந்தைக்குத் தன்னெதிர்ப்பு நோய் இருக்கக்கூடும் என்று மருத்துவர் ஐயுறத் தொடங்கும் நாளுக்கும், அந்த ஐயம் உறுதிப்படும் நாளுக்கும் அல்லது நீங்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பெற்றோர் எவ்வாறு கடப்பது என்பதே இன்றைய உரையின் பொருள். உறுதியான நோய்க்கு மருந்து உண்டு, மருத்துவ நூல் உண்டு, அதே நோயுள்ள பிற குடும்பங்களின் துணையும் உண்டு. பெயர் வராத நோய்க்கு என்ன உண்டு? உறவினர் கேட்டால் சொல்லப் பெயரில்லை. பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதினால் காரணம் எழுத முடிவதில்லை. இரவில் குழந்தை காலைப் பிடித்துக்கொண்டு அழுதால் எதை எதிர்த்துப் போராடுகிறோம் என்பதே பெற்றோருக்குப் புரிவதில்லை. இந்த இடைக்காலத்தில் பெற்றோர் மட்டுமே செய்யக்கூடிய, வேறு எந்த மருத்துவராலும் செய்ய முடியாத பணி ஒன்று இருக்கிறது என்பதையே இவ்வுரை விளக்க முற்படுகிறது.

தன்னெதிர்ப்பு நோய் என்பது என்ன? வெளியிலிருந்து வரும் கிருமிகளை அழிக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றல், உடலின் சொந்தத் திசுக்களையே அயலானவை என்று கருதித் தாக்குவதால் உண்டாகும் நோய்களின் தொகுதிக்கு இப்பெயர். ஆட்டோ இம்யூன் நோய் என்று மருத்துவமனைகளில் வழங்குவதும் இதுவே. மூட்டின் உட்சவ்வைத் தாக்கினால் மூட்டழற்சி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கினால் முதல் வகை நீரிழிவு, தோல், சிறுநீரகம், இரத்தம் எனப் பல உறுப்புகளையும் தாக்கினால் லூபஸ் என, ஒரே பிழை பல முகங்களோடு தோன்றுகிறது. இவ்வுரை எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் சிறார் மூட்டழற்சியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஏனெனில் பெற்றோரின் காத்திருப்பு எவ்வளவு கடினமானது, எவ்வளவு இன்றியமையாதது என்பதை அந்நோய்போல் காட்டுவது வேறொன்றில்லை.

தன் உடலே தன்னைத் தாக்குமா என்று கேட்டு நம்ப மறுக்கும் பெற்றோரைப் பலர் கடிந்துகொள்வதுண்டு. ஆனால் நம்ப மறுத்தது மருத்துவ உலகமும்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞர், உடல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் நிலையை இயற்கை அஞ்சித் தவிர்க்கும் என்று கருதினார். அவருடைய புகழின் நிழலில் பல பத்தாண்டுகள் அந்தக் கருத்தே கோலோச்சியது. 1956இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸ், எர்ன்ஸ்ட் விட்டெப்ஸ்கி ஆகிய இருவரும் முயல்களின் தைராய்டுச் சுரப்பியை அவற்றின் சொந்த எதிர்ப்பாற்றலே தாக்கி அழிப்பதைக் காட்டிய பின்னரே, அறிஞர் உலகம் மெல்ல மெல்ல மனம் மாறியது. அரை நூற்றாண்டாகப் பேரறிஞர்கள் ஏற்கத் தயங்கியதை ஒரு தாய் அரை மணி நேர ஆலோசனையில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

அடுத்து எழும் கேள்வி, எங்கள் குழந்தைக்கு ஏன் என்பது. எல்லா மனிதரின் உடலிலும் தன்னையே தாக்கக்கூடிய செல்கள் சில பிறக்கின்றன. நெஞ்செலும்பின் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி அவற்றில் பெரும்பாலானவற்றை வடிகட்டிவிடுகிறது. தப்பி வெளியேறியவற்றை அடக்கி வைப்பதற்கென்றே ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற தனி வகை செல்கள் உள்ளன. இந்த அடக்கும் செல்களை 1995இல் அடையாளம் காட்டிய ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சிக்கும், அவற்றை இயக்கும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவை 2001இல் கண்டறிந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகிய இருவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த ஒரு மரபணு பழுதுற்றுப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே பல தன்னெதிர்ப்பு நோய்கள் ஒன்றாகத் தாக்கும் அரிய நோய் ஒன்று உண்டு. அடக்கும் செல்கள் எவ்வளவு இன்றியமையாதவை என்பது அக்குழந்தைகளின் வழியாகவும் தெளிவாயிற்று. பிற தன்னெதிர்ப்பு நோய்களில் பெரும்பாலானவையோ ஒற்றை மரபணுவால் வருவன அல்ல. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சாய்வை உண்டாக்க, ஏதோ ஒரு கிருமித் தொற்றோ வேறு தூண்டுதலோ அந்தச் சாய்வைத் தள்ளிவிட, நோய் தொடங்குகிறது. ஒரே கருவிலிருந்து பிறந்த ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு முதல் வகை நீரிழிவு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை என்றால், மரபணு மட்டுமே காரணமன்று என்பது தெளிவு.

இதை இவ்வளவு விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்க் குடும்பங்களில் குழந்தைக்கு நெடுநோய் என்றதும் குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற்றப்படுபவள் தாய். கர்ப்பமாக இருந்தபோது எதைச் சாப்பிட்டாள், எந்த நேரத்தில் வெளியே போனாள், தாய்ப்பாலை எப்போது நிறுத்தினாள், அவள் பிறந்த வீட்டில் யாருக்கு வாதம் இருந்தது என்று விசாரணை நீள்கிறது. பிறர் கேட்காவிட்டாலும் அவளே தன்னைக் கேட்டுக்கொள்கிறாள். பனியில் குளிக்க வைத்ததாலோ, குளிர்ந்த பால் கொடுத்ததாலோ, கண்ணேறு பட்டதாலோ, முற்பிறவியின் வினையாலோ இந்நோய் வருவதில்லை. எந்தத் தாயும் எந்தத் தந்தையும் செய்த எச்செயலும் இதற்குக் காரணம் அன்று. இந்த ஒரு வாக்கியத்தை, மருத்துவர் முதல் நாளிலேயே, மாமியாரும் மாமனாரும் கணவரும் உடனிருக்கையில் உரக்கச் சொல்ல வேண்டும். அது ஒரு மருந்துச் சீட்டுக்கு இணையான சிகிச்சை.

சரி, மருத்துவர் ஏன் உடனே உறுதியாகச் சொல்வதில்லை? தெரியாததாலா, மறைப்பதாலா, மீண்டும் மீண்டும் வரவழைப்பதற்காகவா? காத்திருப்பு அறையில் அமர்ந்திருக்கும் பெற்றோரின் மனத்தில் ஓடும் கேள்விகள் இவை. இவற்றுக்கு நேரான விடை தரப்பட வேண்டும்.

சிறார் மூட்டழற்சி என்பதன் வரையறையிலேயே காலம் அடங்கியிருக்கிறது. பதினாறாவது பிறந்தநாளுக்கு முன் தொடங்கி, குறைந்தது ஆறு வாரங்கள் மூட்டில் அழற்சி நீடித்து, அதற்கு வேறு காரணம் எதுவும் காணப்படாத நிலையில்தான் அந்தப் பெயரைச் சூட்ட வேண்டும் என்று உலக மருத்துவர்கள் வகுத்துள்ளனர். ஆறு வாரம் எதற்கு? 2006இல் தமிழ்நாட்டை உலுக்கிய சிக்குன்குனியாவை நினைவுகூர்வோர் இதற்கு விடை அறிவர். காய்ச்சல் விட்ட பின்னும் மூட்டுகள் வீங்கி நின்ற அந்நாள்களைப் போலவே, பல வைரஸ் தொற்றுகளுக்குப் பின் குழந்தைகளின் மூட்டுகள் சில வாரங்கள் வீங்கித் தாமாகவே வடிந்துவிடுவதுண்டு. தொண்டை அழற்சிக்குப் பின் ஒரு மூட்டிலிருந்து மற்றொரு மூட்டுக்குத் தாவிச் செல்லும் வலி, இதய வால்வுகளைப் பழுதாக்கும் வாதக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்குரிய மருந்து பென்சிலின். ஒற்றை மூட்டு மெல்ல வீங்கி நிற்பது காசநோயாகவும் இருக்கலாம். எல்லாவற்றிலும் கவலைக்குரியது இரத்தப் புற்றுநோய்; சில குழந்தைகளிடம் அது மூட்டுவலியாகவும் எலும்புவலியாகவுமே தன்னை முதலில் காட்டுகிறது. அதை விலக்கும் முன் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்துவிட்டால் வலி மறையும், வீக்கம் குறையும், வீட்டார் மகிழ்வர். உள்ளே நோயின் தடயங்கள் அழிந்து, சரியான கண்டுபிடிப்பு தள்ளிப்போகும். எனவே பெற்றோர் எவ்வளவு கெஞ்சினாலும் ஸ்டீராய்டைக் கொடுக்கத் தயங்கும் மருத்துவர் இரக்கமற்றவர் அல்லர். அவருடைய தயக்கத்தில்தான் அவருடைய அக்கறை இருக்கிறது.

இரத்தப் பரிசோதனை ஒன்றே விடை சொல்லிவிடாதா? சொல்லாது. ஏ.என்.ஏ. எனப்படும் பரிசோதனை, செல்லின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உள்ளனவா என்று காட்டுவது. அது பாசிட்டிவ் என்று வந்ததும் இணையத்தில் தேடி லூபஸ் என்று முடிவுகட்டி உறக்கம் இழக்கும் பெற்றோர் பலர். எந்த நோயும் இல்லாத குழந்தைகள் பலரிடமும் அது பாசிட்டிவாக வருவதுண்டு. மறுபுறம், மூட்டழற்சிக்காகப் பார்க்கப்படும் ருமாட்டாய்டு ஃபேக்டர் என்ற இரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்ததும் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு மருத்துவரை மறந்துவிடும் குடும்பங்களும் உண்டு. மூட்டழற்சி உள்ள குழந்தைகளில் மிகச் சிலரிடமே அந்தப் பரிசோதனை பாசிட்டிவாக வரும். தாள் சொல்வது பாதி. குழந்தையின் உடல் சொல்வதே மீதி. இந்நோய்கள் தம் அடையாளங்களை ஒரே நாளில் காட்டுவதில்லை. இம்மாதம் ஒரு தடிப்பு, அடுத்த மாதம் ஒரு வீக்கம், பிறகு வாயில் புண் என்று, வாசல் கோலத்தின் புள்ளிகள்போல அவை ஒவ்வொன்றாக வைக்கப்படுகின்றன. புள்ளிகள் போதுமான அளவு விழும் முன் அது எந்தக் கோலம் என்று கைதேர்ந்தவராலும் சொல்ல இயலாது.

ஆயினும் அவையோர் ஒன்றை அழுத்தமாக மனத்தில் கொள்ள வேண்டும். காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. ஒரு மூட்டு கொதித்து வீங்கி, காய்ச்சலோடு, குழந்தை காலைத் தரையில் ஊன்றவே மறுத்தால் அது சீழ்பிடித்த மூட்டாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அளவற்ற தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிதல், படுக்கையை நனைப்பதை விட்டிருந்த பிள்ளை மீண்டும் நனைத்தல் ஆகியவை தென்பட்டால் அன்றே இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். முகமும் கண்ணிமையும் அதைத்துச் சிறுநீர் நுரைத்தோ தேநீர் நிறத்திலோ வருதல், மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவு மங்கல், வெளிறிய உடலில் காரணமின்றிக் கன்றிய இரத்தத் திட்டுகள் என்றால் அடுத்த வார முன்பதிவுக்காகக் காத்திருத்தல் கூடாது.

இனிப் பெற்றோரின் பணிக்கு வருவோம். 1897இல் இலண்டனின் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் என்ற இளம் மருத்துவர், 22 குழந்தைகளின் மூட்டு நோயை விவரித்து, இது பெரியவர்களின் முடக்குவாதத்திலிருந்து வேறுபட்டது என்று எழுதினார். இன்றைய ஸ்கேன் இல்லை, ஏ.என்.ஏ. இல்லை; அவரிடம் இருந்தது பொறுமையான கவனிப்பு. மருத்துவர் குழந்தையைப் பார்ப்பது மாதத்தில் கால் மணி நேரம். மீதி நேரமெல்லாம் பார்ப்பவர் யார்?

பெற்றோர்தான்; அந்தக் கவனிப்புக்கு அவர்களிடம் ஒரு எளிய குறிப்பேடு போதும். காலையில் எழுந்ததும் குழந்தையின் நடை எப்படி இருந்தது, கால் மடக்க எவ்வளவு நேரம் பிடித்தது, எந்த மூட்டு வீங்கியது, காய்ச்சல் எந்த நேரத்தில் ஏறி எந்த நேரத்தில் இறங்கியது என்று தேதியிட்டு எழுதினால் போதும். வளர்கிற வயதில் வலிக்கத்தான் செய்யும் என்று பாட்டிமார் சொல்வது பல வேளைகளில் உண்மையே. அந்த வளர்ச்சி வலி மாலையிலோ இரவிலோ பெரும்பாலும் இரு கால்களிலும் வந்து, காலையில் சுவடின்றி மறைந்துவிடும்; பிள்ளை ஓடியாடி விளையாடும். மூட்டழற்சியோ காலையில்தான் கடுமையாக இருக்கும். படுக்கையிலிருந்து இறங்க அடம்பிடிக்கும் குழந்தை, விந்தி விந்தி நடந்து, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும். பள்ளிக்குப் போகப் பயந்து நடிக்கிறது என்று வீட்டார் திட்டுவர். இந்த வேறுபாட்டை எந்த ஆய்வகமும் கண்டுபிடிக்காது, குறிப்பேடு கண்டுபிடிக்கும்.

மூட்டழற்சியில் உடல் முழுவதையும் தாக்கும் வகை ஒன்று உண்டு. அதில் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காய்ச்சல் குதித்தேறும்போது இளஞ்சிவப்புத் தடிப்பு தோன்றிக் காய்ச்சலோடு மறைந்தும் போய்விடும். காலையில் மருத்துவமனைக்குச் சென்றால் காட்டுவதற்கு ஒன்றுமிருக்காது. மாநிறத் தோலில் அது இன்னும் எளிதாகக் கண்ணுக்குத் தப்பும். தடிப்பு தோன்றிய கணத்தில் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் எடுத்த ஒரு படம், மருத்துவருக்குப் பல பரிசோதனைகளின் மதிப்பைத் தரவல்லது.

இங்கே கண்ணைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். சிறார் மூட்டழற்சியோடு சேர்ந்து யுவைடிஸ் என்ற கண்ணின் உள்ளழற்சி வருவதுண்டு. சில மூட்டுகளே பாதிக்கப்பட்ட, ஏ.என்.ஏ. பாசிட்டிவான சிறு குழந்தைகளுக்கு, அவர்களிலும் பெண் குழந்தைகளுக்கு, இந்த ஆபத்து மிகுதி. அதன் கொடுமை என்னவென்றால், கண் சிவக்காது, வலிக்காது, நீர் வடியாது. குழந்தை குறை சொல்லவே சொல்லாது. பார்வை மட்டும் உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கும். பிளவு விளக்கு என்ற கருவியால் கண் மருத்துவர் பார்த்தால் மட்டுமே தெரியும். ஆகையால் முழங்கால் சரியாகிவிட்டது, இனி எதற்குக் கண் பரிசோதனை என்று எண்ணும் பெற்றோர் மிகப் பெரிய தவறு செய்கின்றனர். ஆபத்து மிகுந்த குழந்தைகளுக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை அந்தப் பரிசோதனை தவறாமல் நடக்க வேண்டும். முழங்கால் வீங்கினால் வீடே கூடுகிறது. கண்ணுக்காக யாரும் கூடுவதில்லை. கூட வேண்டும்.

குழந்தையிடம் என்ன சொல்வது? நான்கைந்து வயதுக் குழந்தை, தான் செய்த குறும்புக்குத் தண்டனையாகவே நோய் வந்தது என்று நம்பும் இயல்புடையது. சேட்டை செய்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன் என்று மிரட்டும் பழக்கம் பல வீடுகளில் இருப்பதால், அந்த நம்பிக்கைக்குப் பெற்றோரே எருவிட்டு விடுகின்றனர். மாதந்தோறும் இரத்தம் எடுக்க வேண்டிய குழந்தையிடம் ஊசியைப் பயமுறுத்தலாகப் பயன்படுத்துவது கொடுமை. வலிக்கவே வலிக்காது என்று பொய் சொல்வதும் அதற்குக் குறைந்ததன்று, ஏனெனில் அடுத்த முறை அப்பாவின் எந்தச் சொல்லையும் பிள்ளை நம்பாது. சுருக்கென்று இருக்கும், பத்து எண்ணும்வரை அம்மா கையைப் பிடித்துக்கொள்வாள், நீ எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சொன்னால் போதும். அந்தக் கடைசி வாக்கியத்தைப் பலமுறை சொல்ல வேண்டும்.

மூட்டு வீங்கிய குழந்தையைக் கட்டிலிலேயே கிடத்தும் பழைய வழக்கத்தை மருத்துவம் கைவிட்டு நெடுங்காலமாகிறது. அசையாத மூட்டு இறுகிப்போகும், தசை மெலியும். நீச்சலும் மிதிவண்டியும் இயன்ற விளையாட்டும் மருந்தோடு சேர்ந்த மருந்து. வகுப்பாசிரியரிடம் காலை இறுக்கத்தை எழுத்து வடிவில் தெரிவித்துவிட்டால், தாமதமாக வரும் பிள்ளை வாசலில் நிற்க நேராது, மாடி வகுப்பு தரைத்தளத்திற்கு மாறவும் கூடும். வீட்டில் மற்றொரு பிள்ளை இருந்தால், அண்ணன் பெரியவன், புரிந்துகொள்வான் என்று விட்டுவிடக் கூடாது. வாரத்தில் ஒரு மாலையேனும் அவனுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும்.

ஐயத்தின் காலத்தில் அறிவுரைக்குப் பஞ்சமிருக்காது. பெயர் எழுதாத பொட்டலத்தில் மூட்டுவலிப் பொடி தரும் இடங்களுக்கு அழைத்துப் போக உறவினர் முன்வருவர். அத்தகைய பொடிகளில் சிலவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலக்கப்படுகிறது, அதனால்தான் மூன்றே நாளில் வலி பறந்துவிடுகிறது, பின்னர் முகம் உப்பிப் போகிறது. அளவு தெரியாத ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கே ஆபத்து. மறுத்தால் உறவு முறியும் என்று தயங்கும் பெற்றோர், தம்மைக் கேட்காமல் எதுவும் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் எனப் பழியை மருத்துவர்மேல் போட்டுவிடலாம். அந்தப் பழியைச் சுமக்க எந்த நல்ல மருத்துவரும் மறுக்க மாட்டார்.

ஐயம் உறுதியாகி, மீத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை மருத்துவர் எழுதும் நாளும் வரலாம். இது புற்றுநோய் மருந்தாயிற்றே என்று மருந்துக்கடையில் யாரோ சொல்லக் கேட்டு அலறும் பெற்றோர் அம்மருந்தின் வரலாற்றை அறிவது நலம். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்து, கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் மனக்கசப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்று, அமெரிக்கா சென்ற யெல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் 1940களில் உருவான மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. இரத்தப் புற்றுநோய்க்கு அது பெருமளவில் தரப்படுகிறது. மூட்டழற்சிக் குழந்தைகளுக்கோ மிகக் குறைந்த அளவில், வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே. அமெரிக்க, சோவியத் மருத்துவர்கள் இணைந்து நடத்தி 1992இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளுக்கு அது பயன்தருவதை ஐயமற நிறுவியது. வாரம் ஒருமுறை என்பதை மறந்து நாள்தோறும் கொடுத்துவிட்டால் பேராபத்து. ஆகவே எந்தக் கிழமை என்று நாள்காட்டியில் வட்டமிட்டு, தாத்தா பாட்டி உட்பட வீட்டில் அனைவரும் அறியச் செய்ய வேண்டும். இம்மருந்து எடுக்கும் காலத்தில் தடுப்பூசிகளை, குறிப்பாக உயிருள்ள கிருமிகளால் ஆன தடுப்பூசிகளை, மருத்துவரைக் கேட்டே போட வேண்டும்.

உறுதியாகாமலே ஐயம் நீங்கிவிடுவதும் உண்டு. சில வாரங்களிலேயே வீக்கம் வடிந்து, மருத்துவர் கோப்பை மூடிவிடலாம். அப்போதும் பெற்றோர் பலருக்கு அச்சம் உடனே விடுவதில்லை. ஒவ்வொரு தும்மலிலும் அவர்கள் பழைய நோயைத் தேடுவர். எந்தெந்த அறிகுறி தோன்றினால் திரும்பி வர வேண்டும் என்று அன்றே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால், மற்ற தும்மல்களை வெறும் தும்மலாகவே விட்டுவிட இயலும்.

நோய் தொடரும் குழந்தைகளோ அதனோடே வளர்ந்து பன்னிரண்டு, பதின்மூன்று வயதை எட்டுவர். அன்றுவரை குறிப்பேட்டை எழுதிய தாய், அதைப் பிள்ளையிடம் ஒப்படைக்கத் தொடங்க வேண்டிய வயது அது. மருத்துவர் எப்படி இருக்கிறாய் என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்கும்போது, பழக்கத்தால் தாயும் தந்தையும் முந்திக்கொண்டு விடை சொல்லிவிடுவர்; அந்த முதல் விடையைப் பிள்ளை சொல்லி முடிக்கட்டும், விடுபட்டதைப் பெற்றோர் பிறகு சேர்க்கட்டும். இந்த மாதம் மருத்துவமனைக்குச் செல்லவிருக்கும் பெற்றோர் இதை இந்த மாதமே தொடங்கலாம்.